செம்புக்குழித் தண்ணீர்

1893 மார்ச்சு 6, திங்கள்

வெயில். காலையிலேயே மண் சுடுகிறது. வகுப்பில் நாலே பெண் பிள்ளைகள். மற்றவர்கள் தாய்மாரோடு ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயாயிற்று. ஊர்க்கிணற்றில் சேறு மட்டும். மேலே மலையில் பெரிய அணை கட்டுகிறார்கள், ஆறு பெருகும் என்கிறார்கள். பெருகட்டும். எங்கள் மேட்டுக்கு ஆறு ஏறி வராது.

சாயங்காலம் அண்ணன் ஓர் அருவாளோடு வந்தார். போன வாரம் மலைச்சரிவில் யாரோ எப்போதோ தோண்டிவிட்டுப் போன செம்புக்குழித் தண்ணீரில் தவறிப் போட்டது, இன்றுதான் துழாவி எடுத்தாராம். இரும்பு அருவாள், புதுச் செம்புக் குடம் போலச் சிவப்பு. கோவில் வாசலில் ஊரே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்கள்.

மேட்டு வீட்டுச் சவரிமுத்து மாமா எழுந்தார். எதற்கும் முதலில் எழுவது அவர் வழக்கம்.

"செம்புப் பானையில தண்ணி வச்சுக் குடிச்சா ஒடம்புக்கு நல்லதுங்கிறோம். இங்கன மலையே செம்புப் பானையா நிக்கிது. அத விட்டுப்புட்டு ஆத்துக்கு ஓடுறோம்."

எல்லாருக்கும் சட்டென்று பிடித்துப்போயிற்று. அண்ணன் ஊர் நாட்டாண்மை. அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். ஆண்டவர் உயிர்த்த திருநாளுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை பங்குச் சுவாமியார் தீர்த்தம் மந்திரிக்க வருவார். அன்றைக்கே குழிவாயில் கிடக்கிற கல்லை உடைத்து, வாய்க்கால் வழியாகத் தண்ணீரை ஊர்க்கிணற்றுக்கு இறக்குவது.

அந்தக் குழியில் ஒரு தவளை கத்தி நான் கேட்டதில்லை.

மார்ச்சு 8, புதன்

தபசு காலம். கஞ்சி, துவையல். தலைவலி.

பள்ளி விட்டதும் விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிச் செம்புக்குழிக்குப் போனேன். (இனி செ.கு. முழுதாக எழுத மை இல்லை.) யார் தோண்டியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு துரை கூடாரம் போட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, லாபமில்லை என்று போனார். அதன் பிறகு ஆடுகளும் நானும்தான் அங்கே போகிறோம். விதவைக்குக் கல் பொறுக்குகிற பைத்தியம் என்று மதினி சொல்வாள். சொல்லட்டும்.

பார்த்தவை:

— மேலே காவி நிறத்தில் உளுத்த பாறை. விரலால் உதிர்க்கலாம்.
— கீழே வரிவரியாகக் கருங்கல், நடுவில் சின்னச் சின்னச் செம்மணிகள், காக்காப்பொன் தகடுகள்.
— கருங்கல்லைப் பிளந்துகொண்டு வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல் சுவர். மாட்டுவண்டி அகலம் இருக்கும். குழி முழுக்க இதை ஒட்டியே போகிறது. தோண்டியவர்கள் இதைத்தான் துரத்தியிருக்கிறார்கள்.
— சுவரின் தென்புறம் பச்சைக் களிம்பு அப்பியிருக்கிறது. ஓரிரண்டு இடத்தில் நல்ல நீலம்.
— உடைத்தால் உள்ளே மஞ்சள் கல், மேலே மயில் கழுத்து மினுக்கம். சவரிமுத்து மாமா இதைத் தங்கம் என்று வீட்டில் முடிந்து வைத்திருக்கிறார். ஓட்டில் உரசினேன். கறுப்புக் கோடு. தங்கமானால் மஞ்சளாக விழும்.
— வாசலுக்கு வெளியே உருக்கிக் கொட்டிய கிட்டக்கல் மேடு.

தண்ணீர் தெளிவு, லேசான நீலம். பாசி இல்லை, கொசுப்புழு இல்லை. கசிகிற தென்பள்ளத்தில் புல் இல்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். புளிப்பு, பிறகு வாய் முழுக்கக் காசு நக்கிய மாதிரி.

வீட்டில் மஞ்சள் கல்லை அடுப்பில் போட்டேன். கந்தக நாற்றம். மதினி அகப்பையோடு விரட்டினாள்.

மார்ச்சு 9, வியாழன்

சுவாமியார் எப்போதோ கொடுத்த இங்கிலீஷ் மண்ணியல் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கங்களை எலி தின்றுவிட்டது. எனக்கு விளங்குவது பாதி. ஆனால் அந்தப் பாதி போதும்.

மஞ்சள் கல்லில் செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் உண்டு. காற்றும் மழையும் பட்டால் அது உளுக்கும். உளுத்தது தண்ணீரைப் புளிக்க வைக்கும். புளித்த தண்ணீர் செம்பைக் கரைத்துக்கொள்ளும். அதில் இரும்பைப் போட்டால் தண்ணீர் இரும்பைத் தின்றுவிட்டு, அந்த இடத்தில் செம்பை ஒட்டிவிட்டுப் போகும். அருவாள் சிவந்தது இப்படித்தான். அதையே நாங்கள் குடித்தால் குடலுக்கும் ஏதோ ஒன்று ஒட்டும்.

வகுப்பில் சிலேட்டு ஒன்று உடைந்தது. பிரகாசியின் வேலை. அடிக்கவில்லை.

மார்ச்சு 11, சனி

அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துதான் சொன்னேன்.

"புஸ்தகம் சொல்லுதாக்கும்" என்றார்.

"தவளை சொல்லுது அண்ணே. ஒரு தவளை அங்கன இல்ல."

"தவளை இல்லாட்டி நல்ல தண்ணிதான ஆத்தா. அசிங்கம் இல்லாம இருக்கு."

மதினி கும்பாவைக் கழுவிக்கொண்டே பேசினாள். கழுவுகிற தண்ணீர் ஒரு கை அளவு.

"ஒனக்கு என்ன அருளாயி. பலகையில எழுதிக்கிட்டு நெழல்ல உக்காந்துருக்க. தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு அந்த மேட்ட ஏறிப் பாரு. அப்புறம் வந்து தவளையப் பத்திப் பேசு."

போன வருஷம் அந்தப் பாதையில்தான் அவளுக்குக் கரு கலைந்தது. குடம் உடையாமல் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாளாம். அவள் சொன்னது நியாயம். நான் விதவை, வாத்தியாரம்மா, ஒரு குடத்தோடு தப்பித்துவிடுகிறேன்.

ஆகையால் வேலை இரண்டு. செ.கு. தண்ணீர் கிணற்றில் இறங்கக் கூடாது. பக்கத்திலேயே வேறு தண்ணீர் காட்ட வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்தால் ஊர்ப் பெண்கள் என்னைச் சபிப்பார்கள். சபிக்க வேண்டியதுதான்.

மார்ச்சு 14, செவ்வாய்

இன்று நானும் இரண்டு குடம். மேடு ஏறும்போது கண் இருட்டியது. மதினி திரும்பிப் பார்த்தாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, சாய்ந்துகொண்டே எழுதுகிறேன்.

மார்ச்சு 16, வியாழன்

ஒரு சட்டியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போனேன். வெங்கச்சங்கல் சுவர் தரைக்கு மேலே தலை காட்டுகிற இடமெல்லாம் ஒரு புள்ளி. குழியிலிருந்து கீழே ஊர்ப்பக்கம் வரை. நடுவில் மண்ணுக்குள் முங்கிவிடுகிறது, பிறகு கள்ளிப் புதரில் மறுபடி எழும்புகிறது. புள்ளிகளைச் சேர்த்தால் நேர்கோடு. மலை இப்படி ஒழுங்காக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. புடவை கள்ளியில் கிழிந்தது.

முக்கியம்: பச்சை எல்லாம் சுவருக்குத் தெற்கே. வடக்கே ஒரு பொட்டு இல்லை. அந்தப் பக்கம் கருங்கல் உளுத்துச் சரளையாகக் கிடக்கிறது, பள்ளத்தில் ஒரு நாவல் மரம், இந்தக் கோடையிலும் இலை கருகவில்லை. அடியில் எறும்பு, நத்தைக் கூடு, ஓணான். உயிர் இருக்கிற பக்கம்.

சுவர் அணை போல நிற்கிறது. கெட்ட தண்ணீர் தெற்கே, வடக்கே வேறு தண்ணீர் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுத முடிகிறது. சுவரில் விரிசல் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மார்ச்சு 18, சனி

மரியா, மதினியின் மகள், வயது ஐந்து. அப்பா கூடச் செ.கு.வுக்குப் போனவள் தாகத்துக்குக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறாள். வந்ததிலிருந்து வாந்தி. பச்சையாக. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மோர் கொடுத்தேன், அதையும் எடுத்துவிட்டாள். மறுபடி கொடுத்தேன். பொழுது சாய்ந்த பிறகுதான் தூங்கினாள்.

அண்ணன்: "பிஞ்சு மாங்கா தின்னுருப்பா."

சவரிமுத்து மாமா வந்து பார்த்துவிட்டு: "வயித்தக் கழுவி விட்டுருக்கு. நல்ல தண்ணின்னா அப்பிடித்தான்."

அந்த ஆளைத் தள்ளிவிடலாம் போல் இருந்தது. மதினி பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்ச்சு 19, ஞாயிறு

மரியா கஞ்சி குடித்தாள். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

மார்ச்சு 21, செவ்வாய்

என் வித்தை தோற்றது. ஆற்றிலிருந்து கெண்டை பிடித்து வரச் செய்து, கோவில் வாசலில் இரண்டு சட்டி வைத்தேன். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் செ.கு. ஊரார் பார்க்கவே செ.கு. மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. ஆற்று மீன் நீந்திக்கொண்டிருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நிமிர்ந்தேன்.

"ஆத்து மீனக் கொண்டு வந்து மலைத்தண்ணியில விட்டா?" என்றது ஒரு குரல். "அது தண்ணி மாறுனதுல செத்துருச்சு."

"ஆமா, எம் மகளக் கூடலூர்ல கட்டிக் குடுத்தேன். தண்ணி ஒத்துக்காம ஒரு மாசம் படுத்துக் கெடந்தா."

பேச்சு கூடலூர் மருமகனிடம் போய்விட்டது. மிச்சம் இருந்த மீனைச் சவரிமுத்து மாமா தபசு காலக் குழம்புக்கு எடுத்துப் போனார்.

கோபம். ஆனால் யோசித்தால், அவர்கள் முட்டாள்கள் இல்லை. தாகம் அப்படிப் பேச வைக்கிறது. ஆண்பிள்ளைகளிடம் புத்தகமும் மீனும் எடுபடாது. விட மாட்டேன்.

மார்ச்சு 23, வியாழன்

வாய்க்கால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். கடப்பாரைச் சத்தம் வகுப்பு வரை. பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு. எனக்கே தப்பியது.

மார்ச்சு 27, திங்கள்

பெரிய வாரம். பள்ளி விடுமுறை.

கம்பத்திலிருந்து ஈயம் பூசுகிற ராவுத்தர் வந்து வேப்ப மரத்தடியில் துருத்தி வைத்தார். பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் எல்லா வீட்டுச் செம்பும் பித்தளையும் அவரிடம் போகும். மதினி குழம்புச் சட்டியைத் திருப்பி வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். உடனே சண்டை.

"அண்ணே, கழுத்துல பாருங்க. விரக்கடை எடம் செவப்பாத் தெரியுது. இதுல புளிய ஊத்துனா களிம்பு எறங்காதா? எம் புள்ளையக் கொல்லப் பாக்குறீகளா?"

"இந்தாத்தா, குடு. பூசித் தாறேன். அதுக்கு ஏன் இம்புட்டுப் பேச்சு."

நான் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. இந்த ஊரில் ஈயம் போன பாத்திரத்தில் புளியோ மோரோ ஊற்றுகிற பெண் ஒருத்தி கிடையாது. கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு மாமியார் சொல்கிற முதல் சட்டம் அது. பச்சைத் தண்ணீர் செம்பில் இருக்கலாம், புளிப்பு இருக்கக் கூடாது. ஆண்பிள்ளைகளுக்கு முதல் பாதி மட்டும் தெரியும். அவர்கள் சமைத்தால்தானே. நானும் இத்தனை நாளாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

மதினியை வீட்டுக்குள் கூப்பிட்டேன். செ.கு. தண்ணீர் ஒரு சிரட்டையில் வைத்திருந்தேன்.

"மதினி, நாக்குல மட்டும் தொட்டுப் பாருங்க. முழுங்காதீக."

தொட்டாள். முகம் சுளித்தாள். "புளிக்கிது."

"குழி முழுக்கச் செம்பு. தண்ணி புளிக்கிது. குழிக்கு ஈயம் பூசுனது யாரு மதினி?"

சட்டியைப் பார்த்தாள். சிரட்டையைப் பார்த்தாள். பிறகு பாயில் விளையாடிக்கொண்டிருந்த மரியாவைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு கேட்டாள். "அப்ப நான் மேடு ஏறிக்கிட்டே கெடக்கணுமா?"

நாவல் மரத்துப் பள்ளத்தைச் சொன்னேன். நிச்சயமா என்றாள். இல்லை என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

மார்ச்சு 31, பெரிய வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. சிலுவைப்பாதை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலில் நிற்கும்போது மதினி தள்ளித் தள்ளி வேறொருத்தி பக்கத்தில் போய் நிற்கிறாள். செபத்துக்கு நடுவில் கிசுகிசு. "…ஈயம் பூசாத சட்டிதான்டீ…" "…புளிக்கிதாம்ல…" ஆண்டவர் சிலுவையோடு மூன்றாம் தரம் விழுகிற ஸ்தலம் வருவதற்குள் பெண்கள் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. ஆண்டவர் மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 1, பெரிய சனி

காலையில் சுவாமியார் மட்டக்குதிரையில். புது நெருப்பு, பெரிய திரி, எல்லாம் ஒழுங்காக. தீர்த்தம் மந்திரிக்கிற அண்டாவில் பெண்கள் விடியற்காலையிலேயே ஆற்றுத் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு எல்லாரும் செ.கு.வுக்கு. புதுத் தண்ணீர் திறந்தால் பெண்கள் முதல் குடம் பிடிக்க வேண்டும், பிறகுதான் வாய்க்காலில் விடுவது. இது இங்கே எல்லாச் சாதியிலும் எல்லா வேதத்திலும் உள்ள வழக்கம். அண்ணன் கடப்பாரையோடு கல்லின் மேல் ஏறித் திரும்பிப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் நிற்கிறார்கள். ஒருத்தி கையிலும் குடம் இல்லை.

"கொடம் எங்க?"

மதினி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். ஊர் நடுவில் அவள் புருஷனோடு பேசி நான் பார்த்ததில்லை.

"நீங்க தெறந்து விடுங்க. ஆனா அதுல ஒல வைக்க மாட்டோம். புள்ளைகளுக்கும் குடுக்க மாட்டோம். ஈயம் இல்லாத சட்டியில புளி கரைக்கச் சொல்றீக. ஆகாது."

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டவர் என்னைத்தான் பார்த்தார்.

"என் நாக்கு. ஒங்க மகளோட வாந்தி."

சுவாமியார் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டார். மந்திரிக்காமல் விட்டால் பாவம் இல்லை என்று மட்டும் சொன்னார். சவரிமுத்து மாமா எழ முயன்றார். அவர் மனைவி ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் கடப்பாரையை என் காலடியில் வீசினார். "அப்பத் தண்ணிக்கு எங்கன போக? நீயே காட்டு."

முகம் கறுத்துக் கிடந்தது. பாவமாகவும் இருந்தது. ஊருக்கு நல்லது செய்யத்தான் அவரும் நின்றார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நாவல் மரம் வரை நடந்து, என் புள்ளிகளிலிருந்து எட்டிய மட்டும் வடக்கே தள்ளி, தரையில் குத்தி நிறுத்தினேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

தோண்டுகிறார்கள். அண்ணன் என்னோடு பேசவில்லை, ஆனால் முதல் மண்வெட்டி அவருடையது. சரளை, பிறகு காவி மண், பிறகு வெள்ளை மாவு மாதிரி ஒன்று. ஒவ்வொரு கூடை மண்ணையும் கிளறிப் பார்க்கிறேன். பச்சை இல்லை. சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஏப்ரல் 7, வெள்ளி

பாறை. கடப்பாரை துள்ளித் துள்ளி விழுகிறது. வரிவரிக் கருங்கல், உளுக்காதது.

சுட்டு உடைப்பது என்று முடிவு. பாறை மேல் விறகு அடுக்கி எரித்து, கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். ஊற்றத் தண்ணீர் எங்கே?

"குழித் தண்ணிய ஊத்துவோம். குடிக்கவா போறோம்" என்றார் அண்ணன். ஏழு நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"வேண்டாண்ணே. அதுல ஒரு சொட்டு இதுல விழுந்தா நாளைக்கு வர்ற தண்ணிய நானே நம்ப மாட்டேன்."

முறைத்தார். எல்லாரும் களைத்து நின்றோம். அப்போது மதினி, இப்போதுதான் மேடு ஏறி வந்தவள், தலைக் குடத்தை இறக்கி அண்ணனிடம் நீட்டினாள். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் அது. அவர் வாங்கவில்லை. அவளே ஊற்றினாள். வெள்ளைப் புகை. உள்ளே பாறை முறிகிற சத்தம். பின்னால் வந்தவளும் ஊற்றினாள்.

இரவு ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. என்னை நம்பி. தூக்கம் வராது.

ஏப்ரல் 9, ஞாயிறு

பூசை இல்லை, செபமாலை மட்டும். வேலை இல்லாத நாள். புதுக் கிணற்றுக் குழிக்குள் நானே இறங்கிப் பார்த்தேன். தென்பக்கச் சுவரில் மயிரிழை அளவு ஒரு பச்சைக் கோடு. நகத்தால் சுரண்டினேன். களிம்பு இல்லை, பாறையின் சொந்த நிறம் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது. உரசிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், மறுபடி உரசினேன். யாரிடமும் சொல்லவில்லை. தப்பாக இருந்தால் நானே முதலில் குடித்துக் காட்டிவிட்டு, வேறு இடம் தேடுவேன். ஊரை விட்டுப் போவதாக இல்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

காற்று. காலையில் இரண்டு தடவை சுட்டு, இரண்டு தடவை ஊற்றினார்கள். மதியம் ஒரு பெரிய பலகைக்கல் பெயர்ந்தது. அண்ணன் அதைப் புரட்டினார். அடியில் ஈரம். கறுப்பாக ஈரம், பிறகு மினுக்கம், பிறகு கணுக்கால் வரை. கலங்கல்.

மேலே ஒரே கூச்சல். நான் கத்தினேன், யாரும் குடிக்கக் கூடாது, தெளியட்டும், முதலில் நான் பார்க்க வேண்டும் என்று. யாருக்கும் கேட்கவில்லை. மதினி ஏற்கெனவே கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கிவிட்டாள். இரண்டு கையாலும் அள்ளினாள். நான் மேலே நின்று, "மதினி, முழுங்காதீக" என்றேன். முழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அண்ணன் அவள் முகத்தையே பார்க்கிறார். நாவல் மரத்தில் காற்று மட்டும்.

வாயைத் துடைத்துக்கொண்டு மேலே என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல அருளாயி. தண்ணி மாதிரித்தான் இருக்கு."